பழைய பேட்டரி திரும்பும் வழி

‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்று தெருவில் கூவிக்கொண்டு வந்த வண்டிக்காரரை உங்கள் பாட்டன்மார் அறிவார்கள். உடைந்த வாளி, தேய்ந்த கொழு, துருப்பிடித்த ஆணி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஒரு காகிதப் பொட்டலத்தில் பழத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். பாத்திரக் கடையிலும் இதே வழக்கந்தான். பழைய பித்தளை அண்டாவைப் போட்டுவிட்டுப் புதிய குடம் வாங்குவோர் இன்றும் உளர். ஆகவே, பழையதைக் கொடுத்துப் புதியதைப் பெறும் முறையை வேற்று நாட்டார் வந்து நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு பொருள் இந்த வழக்கத்துக்குள் வந்தும் அதற்கு அடங்காமல் நிற்கிறது. அது மோட்டார் வண்டியின் பேட்டரி. அது பிறந்த கதையைச் சுருக்கியும், உயிர் போனபின் அது செல்லும் வழியின் கதையை விரித்தும் இன்று சொல்லக் கருதுகிறேன். இக்கதைக்குள் நான் நுழைந்தது, கொல்லிமலையில் செய்த ஒரு தவற்றின் வழியாக.

கொல்லிமலையை நீங்கள் சங்க நூல்களின் வாயிலாக அறிந்திருப்பீர்கள். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவல்லியை அடைந்தால், அங்கே மலைப்பாதை தொடங்கும். அதில் கொண்டை ஊசி வளைவுகள் 70. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது. மேலே சோளக்காடு, செம்மேடு முதலிய ஊர்கள். மிளகும் பலாவும் அன்னாசியும் வாழையும் கீழே இறங்கும். உப்பும் துணியும் சிமெண்டும் மேலே ஏறும். ஏறிய பொருள்களிற் பெரும்பாலானவை அங்கேயே உண்ணப்பட்டோ தேய்ந்தோ தீர்ந்துபோகும். பேட்டரி தீராது.

1980களின் இறுதியில் அம்மலையிலிருந்த ஓர் அரசுப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியனாகச் சென்றேன். ஆய்வுக்கூடம் என்பது ஒரு மர அலமாரி. அதனுள் சில சோதனைக் குழாய்கள், கழுத்து உடைந்த ஒரு குடுவை, ஒரு சாராய விளக்கு. (பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், எரிசாராயம் ஊற்றி எரிக்கும் விளக்குக்கு அதுவே பாடநூற் பெயர்.) ஊரில் கிடைக்கும் பொருளைக் கொண்டே பாடம் நடத்த வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லப்பட்ட நெறி. ஆதலால், ஒரு ஜீப்பிலிருந்து கழற்றிப் போட்ட பேட்டரியின் தகடுகளை மாணவன் ஒருவன் கொண்டுவந்தபோது மிக மகிழ்ந்தேன். மேசை விளிம்பில் தட்டி, அவற்றில் ஒட்டியிருந்த தூளை உதிர்த்தேன். சில தகடுகளில் அது பழுப்பு நிறம். சிலவற்றில் சாம்பல் நிறம். எஞ்சிய உலோகச் சட்டத்தை ஒடித்து, இரும்புக் கரண்டியில் இட்டு, விளக்கின்மேல் பிடித்தேன். காரீயம் 327 பாகை செல்சியசில் உருகும். இரும்பு உருகுவதற்கு 1,538 பாகை வேண்டும். கரண்டி கரண்டியாகவே இருக்க, அதற்குள் ஈயம் வெள்ளிக் குளம்போல் தளும்பியதைப் பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஆறிய கட்டியை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, அதன் கனத்தை உணரச் செய்தேன். பிறகு மதிய உணவுக்கு மணி அடித்தது. கை கழுவச் சொன்னேனா? எத்தனை முறை எண்ணிப் பார்த்தும் நினைவுக்கு வரவில்லை. மேசைமேல் உதிர்ந்த தூளை ஒரு மாணவி துடைப்பத்தால் பெருக்கி வாசலில் கொட்டினாள். அது மட்டும் நினைவிருக்கிறது.

என் பணிக்காலத்தில் நடத்திய மிகச் சிறந்த பாடம் அதுவே என்று சில ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தூள் யாது? பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டில் இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் சேமித்து வைத்துத் திரும்பப் பெறலாம் என்று காட்டினார். நம் பழைய பாடநூல்கள் இதனைச் சேமக்கலம் என்றன, நல்ல சொல். 1881இல் கமீல் ஃபோர் என்பவர் ஈய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டின்மேல் பூசினார். தகடு தாங்கும் மின்சாரம் பன்மடங்கு கூடிற்று. நான் தட்டி உதிர்த்தது அந்தப் பூச்சைத்தான். மோட்டார் வண்டிகளை முதலில் கைப்பிடி கொண்டு சுழற்றியே கிளப்பினார்கள். பிடி எதிர்த்துச் சுழன்று கை முறிந்தவர் பலர். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்விசைக் கிளப்பி 1912இல் காடிலாக் வண்டிகளில் வந்தது. அதன்பின் காலப்போக்கில், எட்டுப் பத்துக் கிலோ ஈயத்தை வயிற்றில் சுமக்காத மோட்டார் வண்டி இல்லை என்றாயிற்று. மூன்று நான்கு ஆண்டுகளில் ‘செல்ப் எடுக்கவில்லை’ என்று பட்டறைக்காரர் சொல்வார். புதிய பேட்டரி வரும். பழையது மூலைக்குப் போகும்.

அப்படிப் போவது குப்பையன்று. ஈயத்தை எத்தனை முறை உருக்கினாலும் அது தன் தன்மை கெடாது. நன்கு அமைந்த ஆலையில் பேட்டரியை மூடிய யந்திரத்தில் நொறுக்கி, பிளாஸ்டிக்கு மிதக்க ஈயம் அடியில் தங்குமாறு நீரில் பிரிப்பார்கள். அமிலத்தை நடுநிலையாக்குவார்கள். பூச்சைச் சுழல் உலையில் இட்டு உலோகமாக மீட்டு, பிறகு தூய்மை செய்வார்கள். உலையின் புகை வடிகட்டிகளைக் கடந்தே வெளியேற வேண்டும். இன்று உலகில் உருவாக்கப்படும் ஈயத்திற் பாதிக்கு மேல் இவ்வாறு பழைய பொருளிலிருந்து மீட்கப்படுவதே. கண்ணாடியும் காகிதமும்கூட இவ்வளவு முழுமையாகத் திரும்புவதில்லை.

ஈயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு உங்களுக்கு நினைவு வரலாம். அது வெள்ளீயம், கலப்படம் இல்லாதவரையில் அஞ்ச வேண்டியதில்லை. பேட்டரியில் உள்ளது காரீயம். உடலுக்குள் போனால் அதைச் சுண்ணாம்புச் சத்தென்று மயங்கி எலும்பு ஏற்றுக்கொள்ளும். மூளையைத் தாக்கும், வளரும் மூளையை மிகுதியாகத் தாக்கும். வயிற்றுக்குள் சென்ற ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சிக்கொள்ளும் பங்கைப்போல் நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். இவ்வளவு வரையில் தீங்கில்லை என்று சொல்லத்தக்க ஓர் அளவே அறியப்படவில்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் முடிவு. வெளியே காயம் தெரியாது, காய்ச்சல் இராது. பிள்ளையின் மனம் பாடத்தில் நில்லாது. நேற்றுப் படித்தது இன்று நினைவிராது. அப்படிப்பட்ட பிள்ளையை நாங்கள், ஆசிரியர்கள், என்ன பெயரிட்டு அழைத்தோம் என்பதை இங்கே சொல்ல விரும்பவில்லை.

மற்றொன்று. ஈயத்தின் உப்புகளிற் சில இனிக்கும். ரோமானியர் திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி, அந்தப் பாகை உணவிலும் மதுவிலும் கலந்து சுவைத்தார்கள். கொல்லிமலையில் பாவை ஒன்று இருந்ததென்றும், தன் சிரிப்பினாலேயே வந்தவரை மயக்கிக் கொன்றதென்றும் பழங்கதை உண்டு. அக்கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கையிலிருந்த ஈயக் கட்டியோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

இனி மலையின் பேட்டரிகள் அக்காலத்தில் எவ்வாறு கீழே இறங்கின என்று பார்ப்போம். சந்தை நாளில் சமவெளியிலிருந்து பழைய இரும்பு வாங்குவோர் வருவர். அவர்களுக்கு வேண்டியது ஈயம், திராவகத்துக்கு விலையில்லை. திராவகம் நிறைந்த பெட்டியைப் பேருந்தில் ஏற்ற நடத்துநர் இசையமாட்டார். 70 வளைவுகளில் ஒரு வளைவில் சரிந்தாலும் பிறர் துணியும் காலும் வெந்துபோகுமே! ஆதலால் மேலேயே கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். ஓடைக்கரைப் பாறையொன்றில் புல் கருகி வெள்ளைத் திட்டாகக் கிடந்த இடத்தை நானே கண்டிருக்கிறேன். அந்த ஓடையின் நீரைத்தான் சற்றுக் கீழே குடத்தில் முகந்தார்கள். திராவகத்தோடு ஈயத்தூளும் போயிருக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. புல் கருகியதற்காக மட்டும் வருந்தினேன்.

பேட்டரியை எவரும் சேகரிக்கவில்லை என்பது ஒருபோதும் குறையாக இருந்ததில்லை. மலையுச்சியிலிருந்தும் தேடி வந்து எடுத்துப் போனார்கள். எடுத்துப்போனவர் யார், அதை எவ்வாறு உடைத்தார் என்பதிலேதான் கேடு இருந்தது. முறையான ஆலைக்கு வடிகட்டி, அமிலத் தொட்டி, தொழிலாளரின் இரத்தப் பரிசோதனை என்று பல செலவுகள். கொல்லைப்புறத்தில் குழி தோண்டிக் கரி மூட்டி உருக்குகிறவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆகவே பழைய பேட்டரிக்கு அவனால் கூடுதல் விலை கொடுக்க முடிகிறது. அந்தக் கூடுதல் தொகை அவன் பையிலிருந்து வருவதன்று. அவன் வீட்டுக் குழந்தையும் அண்டை வீட்டுக் குழந்தையும் கொடுப்பது. ஆப்பிரிக்காவில் செனெகல் நாட்டுத் தலைநகர் தக்காரை அடுத்த தியாரோய் என்னும் ஊரில் பழைய பேட்டரிகளை உடைத்த மண்ணில் ஈயத்தூள் மண்டிக் கிடந்தது. ஈயத்தின் விலை உயர்ந்தபோது மக்கள் அம்மண்ணை அள்ளி வந்து வீடுகளில் சலித்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள்.

இந்த விலை வேறுபாட்டை ஈடுகட்டுவது யார்? பேட்டரியைத் திரும்பப் பெறும் திட்டங்களின் வரலாறெல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது. 1980களில் ஈயத்தின் விலை வீழ்ந்தது. அமெரிக்காவில் அதே வேளையில் சுற்றுச்சூழற் சட்டங்களும் கடுமையாயின; பழைய பேட்டரியைச் சுமந்து செல்லும் கூலிகூடக் கட்டவில்லை; திரும்புவது குறைந்தது. அதன்பின் அந்நாட்டு மாநிலங்கள் பல, பழையதைக் கொடாமல் புதிது வாங்குபவரிடம் ஐந்து, பத்து டாலர் முன்பணம் பெறச் செய்தன. இத்தாலி 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் ‘கோபாத்’ என்னும் கூட்டமைப்பை நிறுவிற்று. பேட்டரி செய்வோரும் இறக்குமதி செய்வோரும் உருக்குவோரும் அன்று அதில் சேர்ந்தாக வேண்டியிருந்தது. புதிய பேட்டரி ஒவ்வொன்றின் விற்பனையிலும் ஒரு சிறு தொகை கூட்டமைப்புக்குச் சேர்ந்தது. அதைக் கொண்டு, ஈய விலை ஏறினாலும் இறங்கினாலும், பழையதைத் திரட்ட வேண்டியிருந்தது. ஜெர்மனி 1998இல் ஒரு பேட்டரிக்கு 15 மார்க்கு முன்பணம் விதித்தது. யூரோ வந்தபின் அது 7.50 யூரோ ஆயிற்று. பழையதைக் கையோடு கொண்டுவந்தவர் அதைக் கட்ட வேண்டியதில்லை. நம் பாத்திரக் கடை வழக்கத்துக்கு ஐரோப்பாவில் சட்ட உருவம் கொடுத்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: பேட்டரியைச் செய்து விற்றவர், அது செத்தபின்னும் அதற்குப் பொறுப்பாளி என்ற எண்ணம் பாத்திரக் கடையில் இல்லை.

நம் நாட்டில் இந்த எண்ணம் 2001ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. அதற்கு முன்னரே பெங்களூரைச் சேர்ந்த ஜார்ஜ் அறக்கட்டளை நம் பெருநகரங்களில் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து, ஈயம் மிகுதியாக இருப்பதை வெளிப்படுத்தியது. 1999இல் அந்நகரில் இதற்காகவே ஓர் உலக மாநாடும் கூடிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. அடுத்து 2001 மே 16ஆம் நாள் பேட்டரிகள் மேலாண்மை, கையாளுதல் விதிகள் வெளிவந்தன. தயாரிப்பாளர், தாம் விற்கும் புதிய பேட்டரிகளுக்கு ஈடாக முதல் ஆண்டில் நூற்றுக்கு 50, இரண்டாம் ஆண்டில் 75, அதன்பின் 90 என்ற அளவில் பழையவற்றைத் திரும்பப் பெற வேண்டும். கடைக்காரர் பழையதை வாங்கிக்கொண்டு விலையில் தள்ளுபடி தரவேண்டும். சேர்ந்தவற்றைப் பதிவுபெற்ற ஆலைக்கே அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பேட்டரியைப் பயன்படுத்துவோர்க்கும் அதில் ஒரு கடமை உண்டு: கண்ட இடத்தில் போடாமல் கடைக்காரரிடமோ உரிய சேகரிப்பு நிலையத்திலோ ஒப்படைப்பது.

செய்தித்தாளில் இவ்விதிகளைப் பற்றிப் படித்து, அதன் தொடர்பாகக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தபோதுதான் நான் தட்டி உதிர்த்த தூளின் பொருள் எனக்கு விளங்கிற்று. அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குத் தீங்கு ஒன்றும் நேர்ந்திராமல் இருக்கலாம். ஒரு நாட்பொழுதுதானே என்று மருத்துவர் ஒருவர் என்னைத் தேற்றினார். வாசலில் கொட்டிய தூள் ஒரு நாளில் போயிராது என்பதை அவருக்கு நான் சொல்லவில்லை.

பின்னர் மீண்டும் அம்மலைக்கே தலைமையாசிரியனாகச் சென்றேன். 2008 முதல் 2014 வரையில் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்ததை உங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடைதோறும் வீடுதோறும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் புகுந்த காலம் அது. எங்கள் பள்ளியின் கணினி அறைக்கும் நான்கு பேட்டரிகள் வந்தன. அவை உயிர்விட்டபோது, கழிவுப் பொருளாக விற்று அரசுக் கணக்கில் பணம் கட்ட வேண்டியது என் கடமை. விலைப்புள்ளி கேட்டேன். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் கூடுதலாகக் குறிப்பிட்டார். நாமக்கல் பேட்டரிக் கடைக்காரர் குறைவாகக் குறிப்பிட்டார். முன்னவர் அவற்றை எங்கே கொண்டுபோவார் என்று கேட்டேன். “அதை ஏன் சார் கேட்கிறீர்கள்? பணம் கையில்” என்றார். கடைக்காரரோ, தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்பி ரசீது தருவதாகச் சொன்னார். அவருக்கே கொடுத்தேன். அவருடைய ஆள்கள் சிறு லாரியில் பிளாஸ்டிக்குத் தட்டு விரித்து, பேட்டரிகளைச் சாயாமல் நிறுத்தி, மூடிகளைத் திருகிச் சரிபார்த்து, கயிற்றால் பிணைத்து இறக்கிச் சென்றார்கள்.

அடுத்த ஆண்டு தணிக்கைத் தடை வந்தது. அதிக விலை கேட்டவருக்கு விற்காமல் அரசுக்கு இழப்பு ஏற்படுத்தியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். 2001ஆம் ஆண்டு விதிகளை எடுத்துக் காட்டி விளக்கம் எழுதினேன். விளக்கம் ஏற்கப்படவில்லை, வேறுபாடாகிய ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் பெரிய மனத்தாங்கல் இல்லை. என் தவற்றுக்கு மலிவான அபராதம். ஆனால் ஒரு சட்டம் பாதுகாப்பான வழியைக் காட்ட, மற்றொரு விதி அதிக விலையின் வழியைக் காட்டுமானால், எளிய அலுவலர் எந்த வழி செல்வார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கோணலை நிமிர்த்தும் முயற்சி 2022 ஆகஸ்டில் வந்தது. பழைய விதிகளை நீக்கிவிட்டுப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் நடைமுறைக்கு வந்தன. எல்லா வகைப் பேட்டரிகளுக்கும் இவை பொருந்தும். மண்ணில் புதைப்பதும் எரிப்பதும் தடுக்கப்பட்டன. தயாரிப்பாளர் தாமே திரட்டி மீட்கலாம்; அல்லது பதிவுபெற்ற ஆலை எவ்வளவு எடையை மீட்டதோ அவ்வளவுக்கு உரிய சான்றிதழை அதனிடமிருந்து விலைக்கு வாங்கித் தம் கடமையைத் தீர்க்கலாம். கணக்குகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையத் தளத்தில் பதிவாகும். தவறினால் இழப்பீடு கட்ட வேண்டும். முறையாக உருக்கும் ஆலைக்குச் சான்றிதழ் விற்ற பணம் வந்தால், பழைய பேட்டரிக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்க அதனால் முடியும்; குழியில் உருக்குகிறவனோடு போட்டியிட முடியும். திட்டத்தின் உயிர்நாடி இதுவே.

சான்றிதழ் உண்மையாக இருந்தால்தானே பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிளாஸ்டிக்குக் கழிவுக்கு இதே போன்ற முறை வந்தபோது, லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் பிறந்ததை 2023இல் மத்திய வாரியமே கண்டுபிடித்தது. ஆலைகளும் பெருகி வருகின்றன. செய்யாற்றில் ஆண்டுக்கு 1,50,000 டன் மீட்கும் ஆலை ஒன்றை அமைப்பதாக அமர ராஜா நிறுவனம் 2022இல் அறிவித்தது. ஆனால் ஆலை எவ்வளவு பெரிதாயினும், அதன் வாயில்வரை பேட்டரி வந்து சேர வேண்டும். கொல்லிமலையைப் பொறுத்தவரையில் நடுவே 70 வளைவுகள் இருக்கின்றன.

ஓய்வு பெற்றபின், ஆடி மாதத்து ஓரி விழாவுக்காக மலைக்குச் சென்றிருந்தேன். சோளக்காட்டில் ஒரு பட்டறையின் திண்ணையில் ஏழெட்டுப் பழைய பேட்டரிகள், மூடி கழலாமல், நேராக அடுக்கப்பட்டிருந்தன. பட்டறைக்காரர் என் மாணவர்; கரண்டியில் ஈயம் உருகக் கண்ட வகுப்பினர். நலம் விசாரித்தபின் பேட்டரிகளைக் காட்டி, “தம்பி, இவற்றை யாரிடம் கொடுக்கிறாய்?” என்றேன்.

“ரெண்டு பேர் வருவாங்க சார். ஒருத்தர் பில் கொடுப்பார். ஒருத்தர் நூறு ரூபாய் சேர்த்துக் கொடுப்பார்.”

“நீ யாருக்குக் கொடுப்பாய்?”

அவர் சற்றே சிரித்தார். “பில் கொடுக்கிறவர் மாசத்துக்கு ஒரு தடவைதான் மலை ஏறுறார் சார். மத்தவர் ஒவ்வொரு சந்தைக்கும் வர்றார்” என்றார்.

திண்ணையின் மறு ஓரத்தில் அவருடைய சிறு மகள் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தாள். அவளை உள்ளே கூட்டிச் சென்று கை கழுவிவிடச் சொன்னேன்.